புவியின் ஆழமும் பிர்ச்சின் அடிக்குறிப்பும்

புவியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். மனிதர் துளையிட்டு எட்டிய மிகப் பெரிய ஆழம், சோவியத் ஒன்றியத்தின் கோலா தீபகற்பத்தில் 1989ஆம் ஆண்டு அடைந்த 12,262 மீட்டர். ஆரத்தில் ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்கு. ஆயினும் 2,890 கிலோமீட்டர் ஆழம் வரை நீளும் கவசத்தில் எந்தக் கனிமம் எங்கே இருக்கிறது என்பதைப் பாடநூல்கள் ஐயமின்றிக் கூறுகின்றன. அந்த உறுதி எங்கிருந்து வந்தது, எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதே கேள்வி. அதற்கான விடை, பேரழுத்தத்தில் கனிமங்கள் காட்டும் மீட்சிப் பண்பை அறிவியலாளர் படிப்படியாக அறிந்துகொண்ட வரலாற்றில் உள்ளது.

அவ்வரலாற்றின் தொடக்க அத்தியாயங்களுள் ஒன்று இந்தியாவில் எழுதப்பட்டது. 1897 ஜூன் 12 அன்று அஸ்ஸாமையும் ஷில்லாங் பீடபூமியையும் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஆர். டி. ஓல்டாம், தொலைதூர ஐரோப்பியக் கருவிகளில் அது விட்டுச்சென்ற பதிவுகளை ஆராய்ந்தார். முதலில் நெட்டலை, அடுத்துக் குறுக்கலை, இறுதியில் புவிப்பரப்பு அலை என மூவகை அதிர்வுகளை அவர் பிரித்தறிந்தார். 1906ஆம் ஆண்டுக் கட்டுரையில் மேலும் ஒரு படி சென்றார். ஆழம் கூடக்கூட அலைகளின் வேகம் கூடுகிறது. பின்னர் மையப்பகுதியில் அது சட்டென்று குறைகிறது. புவிக்கு ஒரு கருவம் உண்டு என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று.

ஆழத்தில் வேகம் ஏன் கூட வேண்டும்? அலையின் வேகம் இரண்டைப் பொறுத்தது: பொருளின் விறைப்பு, அதன் அடர்த்தி. விறைப்பு கூடினால் வேகம் கூடும். அடர்த்தி கூடினால் வேகம் குறையும். அழுத்தம் இரண்டையுமே கூட்டுகிறது. ஆனால் சம அளவில் அல்ல. அணுக்கள் நெருங்க நெருங்க அவற்றிடையேயான விலக்குவிசை மிகச் செங்குத்தாக உயர்கிறது. கவசத்தின் மேல் எல்லையிலிருந்து அடி எல்லைக்குச் செல்கையில் அடர்த்தி ஏறத்தாழ 1.6 மடங்காகிறது, எல்லாத் திசையிலிருந்தும் வரும் நெருக்கத்தை எதிர்க்கும் பருமக் குணகமோ ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது. நெட்டலையின் வேகம் வினாடிக்கு 8 கிலோமீட்டரிலிருந்து 13.7 கிலோமீட்டராக உயர்வது இதனால்தான்.

1923இல் வில்லியம்சனும் ஆடம்சும் இவ்வுறவைக் கணக்கிடும் கருவியாக மாற்றினர். இருவகை அலைகளின் வேகமும் தெரிந்தால், பருமக் குணகத்துக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதத்தை நேரடியாகப் பெறலாம்; ஒரே பொருளாலான அடுக்கு தன் எடையாலேயே எவ்வளவு இறுகும் என்பதை அதிலிருந்து அறியலாம். கணக்கு தெளிவாக விடை சொன்னது. மேற்பரப்புப் பாறையை எவ்வளவு நெருக்கினாலும் புவியின் சராசரி அடர்த்தியான 5.5 கிடைக்காது. எனவே மையத்தில் வேறொரு கனமான பொருள் இருந்தாக வேண்டும். அவர்கள் இரும்பைச் சுட்டினர்.

கவசம் மட்டும் ஒரே சீரானதா? ஹார்வர்டில் பெர்சி பிரிட்ஜ்மன் ஒரு லட்சம் வளிமண்டல அழுத்தம் வரை பொருள்களை நெருக்கிப் பார்த்தவர். கவசத்தின் அடியிலோ அழுத்தம் 13 லட்சத்துக்கும் மேல். அந்த இடைவெளியைக் கோட்பாட்டால் கடக்க முயன்றவர் அவருடைய மாணவர் பிரான்சிஸ் பிர்ச். 900 கிலோமீட்டருக்குக் கீழுள்ள கவசம், இறுகும் ஒரே சீரான பொருளைப் போலவே நடந்துகொள்கிறது என்று 1952இல் அவர் காட்டினார். அதற்கு மேலுள்ள சில நூறு கிலோமீட்டரில் வேகம் கூடும் வீதம், வெறும் இறுக்கத்தால் விளக்க இயலாத அளவுக்கு அதிகம். அங்கே கனிமங்களின் படிக அமைப்பே மாறுகிறது என்று அவர் முடிவு செய்தார்.

சோதனைச் சான்று பின்னர் வந்தது. ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் 1960களில் ஆலிவைனின் அடர்ந்த வடிவங்களை ஆய்வகத்தில் உருவாக்கினார். 1970களின் நடுவில் லின்-குன் லியூ, வைர முனைகளுக்கிடையே லேசரால் சூடேற்றி, பெரோவ்ஸ்கைட் அமைப்புடைய மக்னீசியம் சிலிக்கேட்டைப் பெற்றார். 1879இல் குவீன்ஸ்லாந்தில் விழுந்த டென்ஹாம் விண்கல்லில், மோதலின் அழுத்தத்தால் உருவான இயற்கை மாதிரிகளும் கிடைத்தன. ஒன்று 1969இல் ரிங்வுடைட் என்றும், மற்றொன்று 2014இல் பிரிட்ஜ்மனைட் என்றும் பெயர் பெற்றன. 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 125 ஜிகாபாஸ்கல் அழுத்தத்தில் பிரிட்ஜ்மனைட்டும் வேறு அமைப்புக்கு மாறுவதைக் கண்டனர். கவசத்தின் அடித்தளத்தில் நெடுங்காலமாக விளங்காதிருந்த வேக மாற்றத்துக்கு அது ஒரு விளக்கம் தந்தது.

இருப்பினும் அடிப்படைச் சிக்கல் தீரவில்லை. ஆப்பிரிக்காவுக்கும் பசிபிக் கடலுக்கும் கீழே, கவசத்தின் அடியில், குறுக்கலைகள் மெதுவாகச் செல்லும் இரு பெரும் பகுதிகள் உள்ளன. வெப்பம் விறைப்பைக் குறைத்து அலையைத் தாமதப்படுத்தும். இரும்பு மிகுந்தாலும் அலை தாமதமாகும். வெப்பம் மட்டுமே காரணமென்றால் அப்பகுதிகள் மிதந்து மேலெழும். இரும்பே காரணமென்றால் நெடுங்காலம் அங்கேயே தங்கியிருக்கலாம். புவியின் உள்வரலாறு குறித்த இருவேறு கதைகள் இவை. அலையின் வேகம் மட்டும் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்து தராது. கருவியில் பதிவாவது விகிதமே. அதன் இரு உறுப்புகளையும் பிரித்துச் சொல்ல, அதே அழுத்தத்திலும் வெப்பத்திலும் கனிமங்களின் மீட்சிப் பண்பை அளந்தாக வேண்டும்.

பிர்ச் இதை உணர்ந்திருந்தார். 1952ஆம் ஆண்டுக் கட்டுரையின் அடிக்குறிப்பு ஒன்றில், புவியின் உட்பகுதியைப் பற்றிப் பேசும்போது மொழியும் உயரழுத்த வடிவத்துக்கு மாறிவிடுகிறது என்று நகைச்சுவையுடன் எச்சரித்தார். அங்கே உறுதி என்று எழுதப்படுவதை ஐயத்துக்குரியது என்று படிக்க வேண்டும் என்பது அவருடைய அகராதி. அக்கட்டுரையின் முதன்மையான முடிவுகள் பல இன்றும் நிலைத்திருக்கின்றன; எச்சரிக்கையும் அவற்றுடன் சேர்த்தே கற்பிக்கப்பட வேண்டியது.