இடப்பக்கம் கிரேக்கம், வலப்பக்கம் ஆங்கிலம்

1900ஆம் ஆண்டுவாக்கில் ஹார்வர்டிலோ ஆக்ஸ்ஃபோர்டிலோ ஹோமர் படித்த மாணவனுக்கு இரண்டு புத்தகங்கள் தேவைப்பட்டன. ஒன்று வகுப்புக்கு எடுத்துப் போவது; மற்றது அறையிலேயே ஒளித்து வைப்பது. முதலாவது, லைப்சிக் நகரத்து டாய்ப்னர் பதிப்பு போன்றது: முழுக்க மூலம், முன்னுரைகூட லத்தீனில். இரண்டாவது, போன் வரிசையில் வந்த மலிவான ஆங்கில மொழிபெயர்ப்பு. நம் ஊர்த் தமிழாசிரியர்கள் கோனார் உரையைப் பார்த்த பார்வையில்தான் அங்கே பேராசிரியர்கள் அதைப் பார்த்தார்கள். மொழிபெயர்ப்பைத் தொட்டவனுக்கு மொழி வராது என்பது அவர்கள் நம்பிக்கை.

இந்த இரண்டையும் ஒரே அட்டைக்குள் கொண்டுவந்து எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிட வைத்தவர் பேராசிரியர் அல்ல, வங்கிக்காரர். பெயர் ஜேம்ஸ் லோப்.

ஜெர்மனியிலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பத்தில் 1867இல் நியூயார்க்கில் பிறந்தவர். தந்தை சாலமன் லோப், கூன் லோப் வங்கியை நிறுவியவர்களில் ஒருவர். ஹார்வர்டில் கிரேக்கம் படித்த மகனுக்கு மனம் முழுவதும் அதிலேயே இருந்தது. ஆனால் 1888இல் பட்டம் வாங்கியதும் குடும்பம் வங்கிக்குக் கூப்பிட்டது; போனார், பங்குதாரரும் ஆனார். அந்த வாழ்க்கை அவருக்கு ஒத்துவரவில்லை. உடலும் மனமும் நலிந்து 1901இல் வங்கியை விட்டு விலகினார். பிறகு ஜெர்மனியின் மியூனிக்கில் குடியேறி, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். கிரேக்க வெண்கலச் சிற்பங்களைச் சேர்த்தார். யூரிப்பிடீஸ் பற்றியும் அரிஸ்டோஃபனீஸ் பற்றியும் பிரெஞ்சு அறிஞர்கள் எழுதிய இரண்டு நூல்களைத் தானே உட்கார்ந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். இதைப் பணக்காரரின் பொழுதுபோக்கு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. படிப்பை விட மனமில்லாதவர் செய்த வேலை இது.

மூலமும் மொழிபெயர்ப்பும் எதிரெதிரே வரும் நூல்வரிசை என்ற யோசனை தன்னுடையதல்ல, பிரெஞ்சுத் தொல்லியல் அறிஞர் சலமோன் ரைனாக் பேச்சினிடையே சொன்னது என்று லோப் அச்சிலேயே எழுதிவைத்தார். கிரேக்கத்துக்கு அப்போது கல்லூரிகளில் இடம் சுருங்கிக்கொண்டிருந்தது. ஹார்வர்டில் சேரக் கிரேக்கம் கட்டாயம் என்ற விதி 1880களிலேயே தளர்ந்துவிட்டது; கேம்பிரிட்ஜில் 1919இலும் ஆக்ஸ்ஃபோர்டில் 1920இலும் போனது. பள்ளியில் கொஞ்சம் கற்று, பிழைப்பைத் தேடிப் போய், பாதி மறந்துவிட்ட ஒருவர் மறுபடி பிளேட்டோவைத் தொட நினைத்தால் கையில் என்ன இருக்கிறது? லோப் பணம் போட்டது அந்த ஆளுக்காக. அவரே ஏறக்குறைய அந்த ஆள்தான்.

லண்டனில் ஹைன்மன் பதிப்பகம் அச்சிட ஒப்புக்கொண்டது. பதிப்பாசிரியர்கள் மூவர். டி. ஈ. பேஜ் சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் நெடுங்காலம் பாடம் நடத்தியவர். எட்வர்ட் கேப்ஸ் பிரின்ஸ்டன் பேராசிரியர். மூன்றாமவரான டபிள்யூ. ஹெச். டி. ரௌஸ்தான் என்னை அதிகம் ஈர்ப்பவர். கேம்பிரிட்ஜின் பெர்ஸ் பள்ளித் தலைமையாசிரியரான அவர், லத்தீன் வகுப்பில் லத்தீனிலேயே பேசவேண்டும், கிரேக்க வகுப்பில் கிரேக்கத்திலேயே பேசவேண்டும் என்று நடத்திக் காட்டியவர். மொழிபெயர்ப்பின் துணையில்லாமல் மாணவனை மொழிக்குள் இறக்கிவிட்ட அந்த ஆசிரியரே, பக்கத்துக்குப் பக்கம் மொழிபெயர்ப்பு தரும் வரிசைக்கும் பொறுப்பேற்றார். இரண்டும் முரண் என்று எனக்குப் படவில்லை. வகுப்பில் ஆசிரியர் இருக்கிறார். வீட்டில் தனியாகப் படிப்பவருக்கு வலப்பக்கம்தான் ஆசிரியர்.

1912இல் முதல் நூல்கள் வெளிவந்தன. கிரேக்கத்துக்குப் பச்சை அட்டை, லத்தீனுக்குச் சிவப்பு, கோட்டுப் பையில் அடங்கும் அளவு. வரிசையின் முதல் எண் பெற்றது அப்போலோனியஸ் ரோடியஸ் எழுதிய ‘அர்கோநாட்டிகா’, சீட்டனின் மொழிபெயர்ப்பில். புனித அகுஸ்தீனாரின் ‘ஒப்புதல்கள்’ நூலுக்குப் புதிதாக யாரையும் தேடாமல், வில்லியம் வாட்ஸ் 1631இல் செய்த பழைய மொழிபெயர்ப்பையே எடுத்துக்கொண்டார்கள்.

எல்லா நூலும் ஒரே தரமல்ல. அக்காலத்துக் கூச்சமும் உள்ளே புகுந்தது. ரோமக் கவிஞர் மார்ஷியலின் குறுங்கவிதைகளில் பச்சையாக இருந்தவற்றை மொழிபெயர்ப்பாளர் வால்ட்டர் கெர் ஆங்கிலத்தில் தரவில்லை. அந்த இடங்களில் மட்டும் வலப்பக்கம் இத்தாலிய மொழிக்கு மாறிவிடும். 1993இல் வந்த ஷாக்கில்டன் பெய்லியின் பதிப்பில் அவை ஆங்கிலத்திலேயே உள்ளன. வாசகரை நம்பி இரு பக்கத்தையும் திறந்துவைத்த வரிசை அங்கே மட்டும் நம்பத் தயங்கியது. எனக்கு அது குறையாகவே படுகிறது.

ஆனால் அந்த நம்பிக்கையின் பலன் பெரியது. ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் சகோதரர்கள் கேம்பிரிட்ஜுக்குப் போனார்கள், அவர் போகவில்லை. லண்டனில் பெண்களுக்கான வகுப்புகளிலும், பிறகு ஜேனட் கேஸ் என்ற ஆசிரியையிடம் தனியாகவும் கிரேக்கம் கற்றார். 1917இல் லோப் வரிசையின் கிரேக்கக் கவிதைத் திரட்டுக்கு மதிப்புரை எழுதியபோது, கல்விமான் அல்லாத சாதாரண வாசகருக்குக் கிடைத்த விடுதலையாக அவர் இந்த வரிசையைக் கண்டார். கல்லூரிக் கதவு திறக்காதவரிடமிருந்து வந்த பாராட்டு என்பதால், எந்தப் பேராசிரியரின் சான்றைவிடவும் எனக்கு இது மேலானது.

கல்லூரிக்குள் வழக்கு இன்னும் தீரவில்லை. கண் தானாகவே வலப்பக்கம் ஓடும், இடப்பக்கம் அலங்காரமாக நின்றுவிடும் என்ற ஆசிரியர்களின் கவலையில் நியாயமுண்டு. வலப்பக்கத்தைத் தாளால் மூடிக்கொண்டு, சிக்கும் வரியில் மட்டும் விலக்கிப் பார்ப்பதே நல்ல வழி. நம் நாட்டு வரலாற்று மாணவருக்கும் இதில் பங்குண்டு. மிளகுக்கும் மணிக்கும் ரோமப் பணம் கிழக்கே போவதாக ரோம எழுத்தாளர் பிளினி அங்கலாய்ப்பதும், அவர் முசிறியையும் பாண்டியனையும் குறிப்பதும் சிவப்பு அட்டைக்குள் இருக்கின்றன. கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோவின் இந்தியப் பகுதி பச்சை அட்டைக்குள்.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல், மே மாதம், முர்னாவ் அருகே தன் வீட்டில் லோப் இறந்தார். நூல்வரிசையை ஹார்வர்டுக்கு எழுதிவைத்து, அதை நடத்த 3 லட்சம் டாலரும் விட்டுச் சென்றார். வரிசை இன்று 500 நூல்களைத் தாண்டிவிட்டது; 2014இல் கணினித் திரைக்கும் வந்தது. முதல் எண்ணில் இப்போது இருப்பது சீட்டன் அல்ல, வில்லியம் ரேஸின் புதிய மொழிபெயர்ப்பு. லோப் பெயரிலான அறக்கட்டளை கிரேக்க, லத்தீன் ஆய்வாளர்களுக்கு ஆண்டுதோறும் நிதி தந்துவருகிறது.