சோதிக்கப்பட்டோரும் சூட்டப்பட்டோரும்: ‘போராட்’ விமர்சனங்கள் குறித்து

2006 நவம்பரில் அமெரிக்கத் திரைக்கு வந்த ‘போராட்’ பற்றிய விவாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி நடந்தது: படம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது? லாரி சார்ல்ஸ் இயக்கிய இந்தப் போலி ஆவணப்படத்தில் சாஷா பாரன் கோஹன் கசகஸ்தான் தொலைக்காட்சி நிருபராக வேடமிட்டு, நடப்பது நாடகம் என்று அறியாத அமெரிக்கர்களிடையே உலவுகிறார். தொல்காப்பியம் நகைக்குச் சொல்லும் நிலைக்களன்களில் எள்ளலும் பேதைமையும் தனித்தனியே நிற்கும். போராட் பேதைமையை உடுத்திக்கொண்டு எள்ளலை நடத்துகிறான். அந்த எள்ளல் அமெரிக்கரின் ஒளிந்திருக்கும் வெறுப்பைக் குறிவைத்தது என்று பாராட்டியவர்கள் வாதிட்டார்கள். கசகஸ்தான் அரசு அது தன் நாட்டை இழிவுபடுத்துகிறது என்றது. ஆன்டி டெஃபமேஷன் லீக் என்ற யூத அமைப்போ, பார்வையாளர் சிலர் பகடியைப் பகடியாக எடுத்துக்கொள்ளாமல் தம் யூத வெறுப்புக்கு வலுச்சேர்க்கக் கூடும் என்று அஞ்சியது. மூன்று தரப்புமே படத்தை ஒரே முறையில் இயங்கும் ஒற்றைப் படைப்பாக எடுத்துக்கொண்டன. உண்மையில் அதற்குள் இரண்டு முறைகள் இருக்கின்றன. ஒன்றில் கேமராவின் முன் நிற்பவருக்கு ஒரு சூழல் தரப்படுகிறது. எப்படி நடந்துகொள்வது என்பதை அவரே முடிவு செய்கிறார். மற்றொன்றில் அவர்மீது ஒரு பெயர் சூட்டப்படுகிறது. அது அவருக்குத் தெரிவதுகூட இல்லை. முதல் முறை ஈட்டிய நற்பெயரை இரண்டாவதற்கும் விரித்துக்கொடுத்ததே பாராட்டு விமர்சனத்தின் பிழை.

முதல் முறைக்குச் சிறந்த சான்று தென்மாநில விருந்துக் காட்சி. போராட் மேசையில் இருக்கும் ஒரு பெண்ணின் அழகை இழித்துப் பேசுகிறான். கழிவறைக்குப் போய்விட்டு மலத்தைப் பையில் கட்டிக்கொண்டு திரும்புகிறான். விருந்தினர் முகம் சுளித்தாலும் பொறுக்கிறார்கள். விருந்தளித்த பெண்மணி கழிவறையைப் பயன்படுத்தும் விதத்தைப் பொறுமையாகக் கற்றுத் தருகிறார். அவன் அழைத்த கறுப்பினப் பெண் வாசலில் வந்து நின்றதும்தான் விருந்து கலைகிறது. அந்தப் பெண் பாலியல் தொழிலாளியாகக் காட்டப்படுபவர், வேடமேற்றிருப்பவர் நடிகை. விருந்தினரைக் கலைத்தது அவருடைய நிறமா, தொழிலா, விருந்தளித்தவர் அழைக்காமல் வந்ததா என்பதைப் படம் சொல்வதில்லை. சொல்லாததே அதன் வலிமை என்பேன். சகிப்பின் எல்லை எங்கே விழுகிறது என்று காட்டிவிட்டு, காரணத்தை நம்மிடம் விட்டுவிடுகிறது. இந்தச் சோதனையில் தேறியவர்களும் உண்டு என்பதைக் கண்டனக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். ஒரு பெண் யாருடன் உறவுகொள்வது என்பது அவளுடைய விருப்பம் என்று கார் ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியர் நிதானமாக விளக்குகிறார். மாற்றுத்திறனாளிகளை வைத்துச் சிரிப்பது நகைச்சுவை அல்ல என்று இன்னொரு பயிற்சியாளர் சொல்லித்தருகிறார். ஓரினச்சேர்க்கையாளரைத் தன் நாட்டில் தூக்கிலிடுகிறார்கள் என்று போராட் சொன்னதும், இங்கேயும் அதற்குத்தான் முயல்கிறோம் என்று பதில் தந்த ரோடியோக்காரர் தேறவில்லை. மூவருக்கும் வேறு பதில் சொல்ல இடம் இருந்தது.

படத்தொகுப்பு எதை வேண்டுமானாலும் நிரூபித்துவிடும், ஆகவே இவற்றைச் சான்றாகக் கொள்வது எப்படி என்று கேட்கலாம். ஒரே காட்சிகளிலிருந்து நேரெதிரான முடிவுகள் பிறந்திருப்பதும் உண்மைதான். அமெரிக்கரின் அசாத்தியமான மரியாதையைத்தான் படம் காட்டுகிறது என்றார் எழுத்தாளர் கிறிஸ்டோபர் ஹிச்சன்ஸ். பத்தி எழுத்தாளர் சார்ல்ஸ் க்ராத்தாமரோ, கோஹனின் தொலைக்காட்சித் தொடரில் போராட் அரிசோனா மதுக்கடை ஒன்றில் பாடிய யூத எதிர்ப்புப் பாட்டை முன்னிறுத்தி, யூத வெறுப்பைத் தேட அமெரிக்கா பொருத்தமான இடமே அல்ல என்று சாடினார். ஒரு நாட்டு மக்களின் மனநிலையை இந்தக் காட்சிகளிலிருந்து அளக்க முயன்றால் இந்த ஐயம் செல்லும். பாராட்டியவர்கள் பலர் அப்படி அளந்தது மிகைதான். ஆனால் தனிமனிதர் ஒருவர் ஒரு கணத்தில் எடுத்த முடிவுக்கு அந்தக் காட்சி சான்றாக நிற்கும். வெட்டி ஒட்டிய பிறகும் ரோடியோக்காரரின் வாக்கியம் அவருடையதே.

இரண்டாவது முறைக்கு வருவோம். போராட்டின் சொந்த ஊராக வரும் கிராமம் கசகஸ்தானில் இல்லை. ருமேனியாவின் குளோட் என்ற ஏழை ரோமா குடியிருப்பு அது. அங்கு வாழும் உண்மையான மனிதர்கள் முகம் காட்ட, இவன் ஊரின் வன்புணர்வாளன் என்பதுபோல ஆங்கிலத்தில் பெயர் சூட்டப்படுகிறது. தங்கள் வாழ்க்கையைப் பற்றிய ஆவணப்படம் என்றே தங்களிடம் சொல்லப்பட்டதாக அவர்கள் பின்னர் கூறினார்கள். ஸ்டூடியோ தன்மீது தவறில்லை என்றது. யார் சொன்னது சரி என்பது என் வாதத்துக்குத் தேவையில்லை. சொன்ன விதம் எதுவானாலும், திரையில் அவர்கள் தேற இடமுள்ள சோதனை எதுவும் வைக்கப்படவில்லை.

இது அப்பட்டமான கற்பனை, போராட் பேசும் ‘கசக்’ மொழிகூட ஹீப்ருதான், எனவே யாரும் நம்பப்போவதில்லை என்பது கோஹன் தரப்பின் வலுவான மறுப்பு. கசகஸ்தானைப் பொறுத்தவரை இந்த மறுப்பு நிற்கும். அரசு என்பது பதில் பேசத் தெரிந்தது: 2005இல் வழக்குத் தொடர்வோம் என்று எச்சரித்தது, மறு ஆண்டு நியூயார்க் டைம்ஸில் விளம்பரப் பக்கங்கள் வெளியிட்டது, 2012இல் அதன் வெளியுறவு அமைச்சர் விசா விண்ணப்பங்கள் பத்து மடங்கு பெருகியதாகப் படத்துக்கு நன்றி சொன்னார், 2020இல் போராட்டின் சொற்றொடரையே சுற்றுலா விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டது. குளோடுக்கு இந்த மறுப்பு பொருந்தாது. கற்பனை நாட்டுக்குக் கற்பனை முகங்கள் போதுமானவை. நடிகர்கள் கிடைக்காத படம் அல்ல இது. அசல் வறுமை தரும் நம்பகத்தன்மைக்காகவே அந்த ஊர் தேர்ந்தெடுக்கப்பட்டது என்றால், பார்ப்பவரிடம் அது கற்பனையாக மட்டும் வேலை செய்கிறது என்று வாதிட முடியாது.

நீதிமன்றங்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டனவே என்ற வாதமும் உண்டு. குளோட்வாசிகள் 3 கோடி டாலர் கேட்டு நியூயார்க்கில் தொடுத்த வழக்கு நிலைக்கவில்லை. கார் ஓட்டும் ஆசிரியர் முதலிய அமெரிக்கர்களின் வழக்குகளும் 2008இல் தள்ளுபடியாயின. அவர்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் தாளில் ‘ஆவணப்பட பாணியிலான படம்’ என்ற தொடர் இருந்தது, அதற்குள் இந்தப் படம் அடங்கும் என்றது நீதிமன்றம். ஒப்பந்தம் செல்லுமா என்ற கேள்விக்கு அது சரியான விடையாக இருக்கலாம். ஆனால் அந்த விடை, தன் பண்பைத் தன் வாயாலேயே காட்டிய ஆசிரியரையும், அறியாத மொழியில் இழிபெயர் பெற்ற கிராமத்தாரையும் ஒரே தட்டில் வைக்கிறது. விமர்சகருக்கு அந்த வசதி கிடையாது.

இந்த வேறுபாட்டைக் கோஹன் அறியாதவரும் அல்லர். 2020இல் வந்த இரண்டாம் படத்தில், ஜெப ஆலயம் ஒன்றில் யூத இனப்படுகொலையிலிருந்து தப்பிய மூதாட்டி ஒருவரைப் போராட் சந்திக்கிறான். படப்பிடிப்பு முடிந்ததும் இது பகடி என்று அவரிடம் விளக்கிச் சொல்லப்பட்டதாகச் செய்திகள் வந்தன. படமும் அவர் நினைவுக்கே காணிக்கையாக்கப்பட்டது. முதல் படம் சுமார் 1.8 கோடி டாலரில் எடுக்கப்பட்டு உலகெங்கும் 26 கோடிக்கு மேல் ஈட்டியது. மூதாட்டிக்குக் கிடைத்த விளக்கத்தை ருமேனிய மொழியில் குளோடிலும் சொல்லியிருந்தால் செலவு ஒரு மொழிபெயர்ப்பாளரின் அரைநாள் கூலியைத் தாண்டியிருக்காது.