மூளையைப் போர்த்திய ‘உம்மு’

தலைக்கு எடுக்கப்படும் ஸ்கேன் அறிக்கைகளில் ‘டியூரா மேட்டர்’, ‘பையா மேட்டர்’ என்னும் சொற்களை நம்மில் சிலர் கண்டிருப்போம். மூளையையும் தண்டுவடத்தையும் மூடியுள்ள உறைகளில் வெளிப்புறத்துத் தடித்த உறை முன்னது. மூளையோடு ஒட்டிய மெல்லுறை பின்னது. இலத்தீனில் ‘மேட்டர்’ என்றால் தாய். ஓர் உறைக்குத் தாய் என்று பெயர் வந்தது எவ்வாறு?

கிரேக்க மருத்துவர் காலன் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் இவற்றைத் தடித்த சவ்வு, மெல்லிய சவ்வு என்றே குறித்தார். தாய் என்ற பெயர் அரபியில் சேர்ந்தது. ஒன்றுக்கு மூலமாகவோ, அதைத் தன்னுள் அடக்கியதாகவோ இருப்பதை அரபியர் ‘உம்மு’ என்பர். மக்கா, உம்முல் குரா. ஸூரத்துல் ஃபாத்திஹா, உம்முல் கிதாப். நிலத்தின் மூல ஆவணத்தை நாமும் தாய்ப் பத்திரம் என்கிறோம் அல்லவா? அவ்வாறே மூளையின் உறை ‘உம்முத் திமாக்’ ஆயிற்று.

இச்சொல் மருத்துவர்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. தலைக்காயம் அவ்வுறைவரை எட்டினால் ஃபிக்ஹு நூல்கள் அதனை ‘மஃமூமா’ என்கின்றன. ‘உம்மு’ பிறந்த அதே வேர்ச்சொல். அதற்குரிய ஈடு, முழு தியத்தில் மூன்றில் ஒரு பங்கு. அம்ர் இப்னு ஹஸ்ம் (ரலி) வழியாக யமன் மக்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அனுப்பிய கடிதத்திலேயே இவ்வளவு குறிக்கப்பட்டதாக அறிவிக்கப்படுகிறது. அல்காரிஆ அத்தியாயத்தின் 9ஆம் வசனத்திலுள்ள ‘உம்மு’ என்பதற்கும் உச்சந்தலை என்று பொருள் கொண்ட விரிவுரையாளர் உண்டு.

10ஆம் நூற்றாண்டில் அலீ இப்னு அப்பாஸ் அல்மஜூஸி, மன்னர் அளுதுத் தவ்லாவுக்காகப் பெரும் மருத்துவ நூல் ஒன்றை எழுதினார். அதனை 11ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கரான கான்ஸ்டன்டைனும், 1127இல் அந்தியோக்கியாவின் ஸ்டீபனும் இலத்தீனாக்கினர். இத்தகைய பெயர்ப்புகளின் வழியே ‘உம்மு’ ஐரோப்பாவுக்குச் சென்று ‘மேட்டர்’ ஆனாள். கடினமான தாய் ‘டியூரா’ ஆனது சரியே. ஆனால் ‘ரகீக்’ என்றால் மெல்லியது. ‘பையா’ என்றாலோ பக்தியும் பரிவும் உள்ளவள்! மொழியறியாப் பிழை என்று இதனைத் தள்ள நமக்கு மனமில்லை. தாய் என்றதும் எழுத்தாணி பரிவின் பக்கம் சாய்ந்திருக்கலாம்.

‘ஐரோப்பிய மருத்துவம் முழுவதும் நம்மிடம் பெற்றதே’ என்று மேடைகளில் முழங்குவோர் இவ்வரலாற்றைச் சற்றே கவனிக்க வேண்டும். சவ்வுகளை முன்னரே விவரித்தவர் காலன். அரபு நூலாசிரியரின் ‘மஜூஸி’ என்னும் பெயரோ நெருப்பை வணங்கிய முன்னோரைச் சுட்டுவது. நம் மொழிவழி வந்தது அந்தத் தாய் மட்டுமே.

தமிழ்க் கலைச்சொல்லாக்கத்திலும் அவள் இருக்கிறாள்: வன்றாயி, மென்றாயி. இலத்தீனில் தொலைந்த ‘ரகீக்’ அந்த ‘மென்’னில் திரும்பி வந்திருக்கிறது.