பிரின்ஸ்டன் மடிக்கணினி இசைக்குழு

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2005-இல் தொடங்கப்பட்ட, மடிக்கணினிகளையே இசைக்கருவிகளாகக் கொண்ட மாணவர் இசைக்குழு, சுருக்கமாக ‘ப்ளோர்க்’. இசையமைப்பாளர் டான் ட்ரூமனும் கணினி அறிவியல் பேராசிரியர் பெரி குக்கும் இதை நிறுவினர். தொடக்கத்தில் 15 மாணவர்கள் இருந்தனர்.

குழுவின் உயிர்நாடி கணினியல்ல, ஒலிபெருக்கி என்றே சொல்ல வேண்டும். ஒவ்வொருவர் அருகிலும் ஆறு திசைகளில் ஒலியைப் பரப்பும் அரைக்கோள ஒலிபெருக்கி ஒன்று இருக்கும். அரங்கின் இரு ஓரங்களிலிருந்து மொத்தமாக ஒலிக்காமல், வயலினைப் போல வாசிப்பவர் இருக்குமிடத்திலிருந்தே ஓசை எழும். மாணவர்கள் தரையில் மெத்தை போட்டு அமர்ந்து வாசிப்பர். விசைப்பலகை மட்டும் கருவியன்று: கணினி கீழே விழுந்தால் வன்தட்டைக் காக்க வைத்த அசைவு உணரியையும் விட்டுவைக்கவில்லை; அக்கால மடிக்கணினிகளைச் சாய்த்தால் ஒலி மாறியது. தாளம் பிசகாதிருக்க, கம்பியில்லா வலையமைப்பு வழியே எல்லாக் கணினிகளுக்கும் குறிப்பு போகும். குழு தொடங்கியபோது பிரின்ஸ்டனில் ஆய்வு மாணவராயிருந்த கே வாங் உருவாக்கி, இக்குழு பயன்படுத்திய ‘சக்’ நிரல்மொழியில், இசை ஒலித்துக்கொண்டிருக்கும்போதே நிரலைத் திருத்தலாம்.

நடத்துவது எளிதல்ல. பாடத்திட்டத்தின் பகுதி என்பதால் உறுப்பினர்கள் மாறிக்கொண்டே இருப்பர். ஒத்திகைக்கு முன் கம்பிகளை இணைப்பதே பெரிய வேலை. மென்பொருள் புதுப்பிக்கப்பட்டால் பழைய படைப்புகள் இயங்காமல் போகலாம்.

தபலா மேதை ஜாகீர் உசேன் இக்குழுவுடன் மேடையேறியிருக்கிறார். கே வாங் 2008-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் இதேபோன்றதொரு குழுவைத் தொடங்கினார். அதன் ஒலிபெருக்கிகள் ஐகியா கடையின் சாலட் கிண்ணங்களைக் கொண்டு செய்யப்பட்டவை.