முதலும் உழைப்பும்

தொழில் தொடங்கும் இளைஞர்க்குக் கடனாகவன்றிப் பங்காகவே பணம் அளிப்பதை இன்று ‘துணிகர முதலீடு’ என்பர். 1946-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜார்ஜ் டோரியோ முதலியோர் இதற்கென ஒரு நிறுவனம் நிறுவினர். 1957-இல் பொறியாளர் இருவரின் ‘டிஜிட்டல் எக்விப்மென்ட்’ நிறுவனத்தில் அது இட்ட 70,000 டாலர், பின்னர்ப் பல கோடி டாலராய்ப் பெருகிற்று. முறை புதிது போல் தோன்றினும், அதன் அடிப்படை நமக்குப் புதிதன்று.

முதல் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது என்னும் கூட்டு வணிகத்தை இராக்கிய ஃபுகஹாக்கள் ‘முளாரபா’ என்றனர். ஹிஜாஸ் மக்கள் ‘கிராள்’ என்றனர். அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்குடன் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஷாம் நாடு சென்றதை அறியாதார் யார்?

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் ‘முஅத்தா’ ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறது. பஸராவின் ஆளுநர் அபூமூஸா (ரலி) அவர்கள், கலீஃபா உமர் (ரலி) அவர்களின் புதல்வர் இருவரிடம் பைத்துல்மால் பணத்தைக் கொடுத்து, “இராக்கில் பொருள் வாங்கி மதீனாவில் விற்று, முதலைச் செலுத்திவிட்டு இலாபத்தை வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். செய்தியறிந்த தந்தை, “படையினர் அனைவர்க்கும் இவ்வாறு அளித்தாரா?” என வினவி, முதலையும் இலாபத்தையும் ஒருங்கே வைக்கப் பணித்தார். “பணம் அழிந்திருந்தால் நாங்களன்றோ பொறுப்பேற்றிருப்போம்!” என்றார் மகன் உபைதுல்லாஹ். அவையிலிருந்த ஒருவர், “இதனைக் கிராளாக ஆக்கலாமே” என்றார். முதலும் இலாபத்தில் பாதியும் பைத்துல்மாலுக்குச் சென்றன. மறுபாதி மைந்தர்க்குக் கிடைத்தது.

இலாபம் விகிதமாகவே பேசப்படவேண்டும். குறித்த தொகை கூடாது. உழைப்பவரின் குற்றமின்றி நட்டம் நேரின் அது முதலுடையார்க்கே. உழைத்தவர்க்கு இழப்பு அவர் உழைப்பே. இவை சட்டநூல்களின் விதிகள். இத்தாலியத் துறைமுகங்களில் வழங்கிய ‘கொமெண்டா’ ஒப்பந்தம் இதனின்றே தோன்றிற்று என வரலாற்றறிஞர் உடோவிச் கருதினார். பைஸாந்திய மரபைச் சுட்டுவாரும் உளர். அனைத்தும் நம்முடையதே என முழங்குதல் அறிவுடைமையாகாது. இன்றைய முதலீட்டாளர் நிறுவனத்தின் உரிமையிலேயே பங்கு கேட்கிறார், நிர்வாகத்திலும் தலையிடுகிறார். முளாரபாவில் அவ்வுரிமை இல்லை என்பதையும் மறைக்கலாகாது.

ஆயினும் ஒன்று உறுதி. நட்டத்தில் பங்கேற்க அஞ்சும் பணம் வட்டியின் வாசலில்தான் போய் நிற்கும். நம் செல்வர்களின் பணம் மனையிலும் நகையிலும் முடங்க, திறனுள்ள நம் பிள்ளைகள் கடன் தேடி அலைகின்றனர். கிதாபுகளில் நாம் ஓதிக்கொடுக்கும் பாடம் கடைத்தெருவுக்கு வருவது எந்நாளோ?