காரைக்குடியில் ஒரு சங்கம்

செட்டிநாட்டார் பர்மா, மலாயா, இலங்கை எனக் கடல் கடந்து வணிகம் நடத்திய காலத்தில், அவர்தம் அறச்செல்வம் பெரும்பாலும் கோயில் திருப்பணிக்கே சென்றது. அந்நிலையில் 1917ஆம் ஆண்டு காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கம் தோன்றியது. தோற்றுவித்தோருள் முதன்மையானவர் இராய. சொக்கலிங்கனார், அப்போது அவருக்கு இருபது வயதும் நிரம்பவில்லை. சமயப் பெயர் தாங்கினும் அச்சங்கம் வழிபாட்டுக் கூட்டமாக நின்றுவிடவில்லை. தமிழும் நாட்டு விடுதலையும் சமூகச் சீர்திருத்தமும் அதன் மேடையில் இடம்பெற்றன.

புதுவையிலிருந்து மீண்டு கடையத்தில் வறுமையோடு வாழ்ந்துவந்த பாரதியார், 1919இல் கானாடுகாத்தான் வை.சு. சண்முகம் செட்டியாரின் அழைப்பின்பேரில் செட்டிநாடு வந்தார். இச்சங்கத்திற்கும் எழுந்தருளி, அதனை வாழ்த்திப் பாடலும் இயற்றினார். அப்போது உறுப்பினரோடு எடுக்கப்பெற்ற புகைப்படம் இன்றும் நமக்குக் கிடைக்கின்றது. பாரதியாரின் படங்களாக எஞ்சியவை மிகச் சிலவே. அதன்பின் ஈராண்டுக்குள் அவர் மறைந்தார். சங்கங்களின் குழுப்படங்களை வீண் ஆடம்பரம் என எள்ளுவோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

பின்னர் ‘ஊழியன்’ வார இதழின் ஆசிரியரான சொக்கலிங்கனார், கூட்டத்திற்கு வரவியலாத இல்லங்களுக்கும் இக்கருத்துகளை வாரந்தோறும் கொண்டுசேர்த்தார். 1939இல் சா. கணேசன் அவ்வூரிலேயே கம்பன் கழகத்தைத் தொடங்கியபோது, கூடிக் கேட்டுப் பழகிய அவை ஒன்று அங்கு முன்னரே உருவாகியிருந்தது.