தவக்கால ஈகை: தருமமும் நீதியின் கடனும்

திருநீற்றுப் புதனையொட்டிப் பல கத்தோலிக்கப் பங்குகளில் வீட்டுக்கு ஓர் அட்டை உண்டியல் வழங்கப்படுகிறது. நாற்பது நாள் நோன்பில் மிச்சமாகும் பணம் அதில் சேர்ந்து, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன் ஏழைகளுக்கென ஆலயத்தில் ஒப்படைக்கப்படும். இதே காலத்தைத் தென்னிந்தியத் திருச்சபையினரும் பிற சீர்திருத்தச் சபையினரும் லெந்து நாட்கள் என்று கடைப்பிடித்து, இல்லாதோர்க்குக் காணிக்கை சேர்க்கின்றனர்.

இந்தியக் கத்தோலிக்கர் சுமார் 1.9 கோடிப் பேரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்பது, 2016 டிசம்பரில் ஆயர் பேரவை தனது தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டபோது முன்வைக்கப்பட்ட கணக்கு. அவ்வாறெனில் அந்த உண்டியலில் காசு போடும் கைகளிலும், அதன் உதவியைப் பெறும் கைகளிலும் தலித் கைகளே மிகுதி. ஆகவே தவக்கால ஈகையின் வரலாற்றையும் நடைமுறையையும் சட்டச் சூழலையும் இங்கே தொகுத்துத் தருகிறோம். இந்த ஈகையைத் திருச்சபையின் மரபே நீதியின் கடன் என்று அழைத்திருக்கிறது. அந்த அளவுகோலைக் கொண்டே அதை அளக்க வேண்டும் என்பது நமது நிலைப்பாடு.

நோன்பிலிருந்து ஈகைக்கு

தவக்காலத்தின் மூன்று தூண்கள் செபம், நோன்பு, தருமம். திருநீற்றுப் புதனன்று வாசிக்கப்படும் மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரம், தருமத்தை விளம்பரமின்றிச் செய்யப் பணிக்கிறது. அடுத்து வரும் வெள்ளியன்றும் சனியன்றும் எசாயா நூலின் 58ஆம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. நோன்பு நாளிலும் வேலையாட்களை ஒடுக்குவோரை அந்த இறைவாக்கினர் கண்டிக்கிறார். நுகத்தை உடைப்பதும் ஒடுக்கப்பட்டோரை விடுவிப்பதும் உண்மையான நோன்பு என்கிறார். பசித்தோருக்கு உணவு பகிர்வதை அதன் பின்னரே சொல்கிறார். இந்த வரிசை நமக்கு முக்கியம்.

நோன்பின் மிச்சத்தைக் கணக்கிட்டுக் கொடுக்கும் முறை மிகப் பழையது. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எர்மாவின் மேய்ப்பர்’ என்னும் நூல், நோன்பு நாளில் அப்பமும் தண்ணீரும் மட்டும் உட்கொண்டு, வழக்கமான உணவுக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டுக் கைம்பெண்களுக்கும் அநாதைகளுக்கும் கொடுக்கச் சொல்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் உரோமை ஆயராக இருந்த பெரிய லியோவின் தவக்கால மறையுரைகளும் இதையே வலியுறுத்தின.

ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் பெரிய கிரகோரி, மேய்ப்பர்களுக்கான தமது நூலில் இன்னும் ஒரு படி சென்றார். தேவையில் இருப்போர்க்கு அவசியமானதைத் தரும்போது அவர்களுக்கு உரியதையே திருப்பித் தருகிறோம். அது இரக்கச் செயல் என்பதைவிட நீதியின் கடனைத் தீர்ப்பதே ஆகும் என்றார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பொதுநிலையினர் பணி குறித்த ஆணையின் 8ஆம் பத்தியில் இக்கருத்தை விதியாகவே வகுத்தது. நீதியின்படி கொடுக்க வேண்டியதை அன்பின் கொடையாகக் கொடுக்கக் கூடாது. முதலில் நீதியின் கோரிக்கை நிறைவேற வேண்டும். விளைவுகளோடு தீமையின் காரணங்களும் அகற்றப்பட வேண்டும். உதவி பெறுவோர் பிறரைச் சார்ந்திருக்கும் நிலையிலிருந்து விடுபட வேண்டும் என்பவை அதன் கூறுகள். தலித் கிறிஸ்தவர் எவரும் தம் பங்கில் எடுத்துக்காட்டத் தக்க பத்தி இது.

நிறுவனமயமான தவக்காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தவக்கால ஈகை நாடு தழுவிய நிதிகளாக உருவெடுத்தது. ஜெர்மனியில் 1958இல் ‘மிசெரியோர்’ தொடங்கப்பட்டது. தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு அங்கே அதன் காணிக்கைக்குரிய நாள். சுவிட்சர்லாந்தில் 1961இல் தவக்கால நிதியும், அயர்லாந்தில் 1973இல் ‘ட்ரோக்கரா’வும் பிறந்தன. ட்ரோக்கராவைத் தொடங்கிய அயர்லாந்து ஆயர்களின் மடல், வறிய நாடுகளுக்கு உதவும் கடமை தருமத்தைச் சேர்ந்ததன்று, நீதியைச் சேர்ந்தது என்று அறிவித்தது. அமெரிக்காவில் 1975இல் பென்சில்வேனியா மாநிலத்தின் ஆலன்டவுனில் தொடங்கிய ‘அரிசிக் கிண்ணம்’ திட்டத்தில் 75 விழுக்காடு வெளிநாட்டுப் பணிகளுக்குச் செல்கிறது. 25 விழுக்காடு அந்தந்த மறைமாவட்டத்திலேயே தங்குகிறது.

நாம் கூர்ந்து கவனிக்க வேண்டியது பிரேசில். அங்கு 1962இல் நத்தால் பகுதியில் முளைத்த ‘சகோதரத்துவப் பரப்புரை’ 1964 முதல் ஒவ்வொரு தவக்காலத்திலும் நாடு முழுவதும் நடைபெறுகிறது. ஆண்டுக்கு ஒரு சமூகப் பிரச்சினை அதன் பொருளாகிறது. அடிமை முறை ஒழிப்பின் நூற்றாண்டான 1988இல் கறுப்பின மக்களின் நிலையும், 2002இல் பழங்குடியினரின் நிலையும் பொருளாயின. குருத்து ஞாயிறன்று திரளும் காணிக்கையில் 60 விழுக்காடு மறைமாவட்ட நிதிக்கும் 40 விழுக்காடு தேசிய நிதிக்கும் செல்கிறது. உண்டியலைச் சுற்றும் அதே நாற்பது நாள்களில் இனவெறியைப் பற்றி ஒரு நாட்டின் திருச்சபை முழுவதும் பேச முடிந்திருக்கிறது. சாதியைப் பொருளாகக் கொண்ட ஒரு தவக்காலம் இங்கும் இயலக்கூடியதே.

இந்தியாவில் வழிமுறை

ஆயர் பேரவையால் 1962இல் நிறுவப்பட்ட காரித்தாஸ் இந்தியா, பசிக்கும் நோய்க்கும் எதிரான பரப்புரையைத் தவக்காலத்தில் நடத்துகிறது. மறைமாவட்டச் சமூகப் பணி மையங்களும் வின்சென்ட் தே பவுல் சபையின் பங்குக் கிளைகளும் உள்ளூர் உதவிகளைக் கவனிக்கின்றன.

வெளிநாட்டுத் தவக்காலப் பணம் இங்கு வந்துசேர வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் (2010) பதிவு வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தம், பணத்தைப் பெற்ற நிறுவனம் அதை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றித் தருவதைத் தடை செய்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பையும் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. பெரிய நிறுவனம் வாங்கிச் சேரியிலுள்ள சிறிய சங்கத்துக்குப் பகிர்ந்தளிக்கும் வழி இதனால் அடைபட்டது. எனவே உள்ளூர் உண்டியலின் முக்கியத்துவம் முன்னைவிடக் கூடியிருக்கிறது.

உரிமை மறுக்கப்பட்ட இடத்தில் தருமம்

சென்னையின் சாலையோரத்தில் செருப்புத் தைத்த சூசை என்னும் தொழிலாளி தொடுத்த வழக்கைச் சட்ட மாணவர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். பட்டியல் சாதிச் செருப்புத் தொழிலாளருக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை வழங்கியபோது, அதே தொழிலைச் செய்த ஆதிதிராவிடரான அவருக்கு அது கிடைக்கவில்லை. அவர் கிறிஸ்தவர் என்பதே காரணம். அரசமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணை, 1950இன் மூன்றாம் பத்தியை அவர் உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்தார். மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, அதன் இழிவும் இயலாமையும் அதே கடுமையோடு தொடர்வதற்குச் சான்று வேண்டும் என்று கூறி, 1985 செப்டம்பர் 30 அன்று நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது.

1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த அந்தக் கதவு கிறிஸ்தவருக்கும் இஸ்லாமியருக்கும் இன்றும் திறக்கவில்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் கிறிஸ்தவ தலித்துகள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு சட்டப்படி அவர்களைச் சென்றடைவதில்லை. தனித் தொகுதியில் போட்டியிடும் தகுதியும் இல்லை.

சூசைக்கு அரசு மறுத்தது ஒரு பெட்டிக்கடை. தவக்காலத்தில் அவரைப் போன்றோருக்குப் பங்கு தருவது ஓர் அரிசிப் பை. அரிசிப் பை பசியைத் தீர்க்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. பசித்தவரிடம் கொள்கை பேசுவது கொடுமை. ஆனால் உரிமை மறுக்கப்பட்ட இடத்தைத் தருமம் ஓசையின்றி நிரப்பும்போது மறுப்பு கண்ணில் படாமல் போகிறது. 1927இல் மகாத்தின் சவதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தண்ணீரைத் தானமாகக் கேட்கவில்லை. உரிமையாக அள்ளிப் பருகினார்.

மறுப்பு அரசோடு நிற்பதுமில்லை. 2008 மார்ச் 9, அவ்வாண்டுத் தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. ஜெர்மானிய ஆலயங்களில் ஏழை நாடுகளுக்காக மிசெரியோர் காணிக்கை எடுக்கப்பட்ட அதே நாளில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் எறையூரில், தங்களுக்கெனத் தனிப் பங்கு கோரிய தலித் கத்தோலிக்கரின் வீடுகள் சாதிக் கத்தோலிக்கரால் தாக்கப்பட்டன. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் சாதிக் கத்தோலிக்கர் இருவர் உயிரிழந்தனர். ஒரே விசுவாசம், ஒரே நோன்பு. ஆயினும் ஆலயத்திலும் கல்லறையிலும் சாதி பிரித்தது. அந்தப் பிரிவினையைத் தொடாத உண்டியல் எவ்வளவு நிறைந்தாலும் எசாயா சொன்ன நோன்பு ஆகாது.

பங்கில் எழுப்ப வேண்டிய கேள்விகள்

தவக்கால நிதி குறித்துப் பங்குப் பேரவையிலும் அன்பியக் கூட்டங்களிலும் பின்வரும் கேள்விகளை எழுப்பலாம்.

ஒன்று, நிதியைப் பங்கிடும் குழுவில் தலித்துகளும், குறிப்பாகத் தலித் பெண்களும், தங்கள் எண்ணிக்கைக்கு ஏற்ப இருக்கிறார்களா?

இரண்டு, வரவும் செலவும் உயிர்ப்பு ஞாயிற்றுக்குப் பின் ஆலயத்தில் வாசிக்கப்படுகின்றனவா?

மூன்று, உதவி பெறுவோரை வரிசையில் நிறுத்திப் படமெடுத்து வெளியிடுகிறார்களா? மத்தேயு 6ஆம் அதிகாரம் விளம்பரத்தைக் கண்டிக்கும் பங்கில் அந்தப் படத்துக்கு இடமில்லை.

நான்கு, நிதியின் ஒரு பகுதியேனும் சட்ட உதவிக்கும், மாணவர் கட்டணத்துக்கும், பட்டா, சான்றிதழ் வழக்குகளுக்கும் ஒதுக்கப்படுகிறதா?

ஐந்து, அந்தப் பங்கில் கல்லறை, தேர்ப்பவனி, திருவிழா வரி ஆகியவற்றில் சாதிப் பாகுபாடு உண்டா? உண்டெனில் நாற்பது நாள்களுக்குள் அதை நீக்க என்ன செய்யப்பட்டது?

ஐந்தாம் கேள்விக்குச் செலவு ஏதுமில்லை. பெரும்பாலும் விடை கிடைக்காத கேள்வியும் அதுவே. நீதி முதலில் என்று 1965இல் எழுதிக் கொடுத்த திருச்சபையிடம் நாம் கேட்பது சலுகை அல்ல. அது தன் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்ட கடனைத்தான்.